மூன்று நூல்

நூலண்ணனுக்கு அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நூல். ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் கொத்தனாரைச் சிமெண்டு காப்பாற்றிவிடும். தச்சனை இழைப்புளி காப்பாற்றிவிடும். கண்ணாடி வெட்டுகிறவனுக்கு அப்படித் துணைக்கு ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக நூலண்ணன் கீறிய கோட்டில் கண்ணாடி நூல் பிடித்தாற்போல் இரண்டாகிக்கொண்டிருந்தது. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. தேவைக்கு ஒரு படி அதிகமாகவே உண்டு என்பது அவர் மனைவியின் கருத்து.

மனைவிக்கும் வேலையிடத்தில் ஒரு பெயர் இருந்தது. டேப்பக்கா. அளவு டேப் எந்நேரமும் அவள் இடுப்பில் தொங்கும். சட்டத்தை அளப்பது அவள், வெட்டுவது அவர், வெட்டியதைப் பொருத்தி மக்கு வைப்பது மறுபடியும் அவள். வெள்ளைப் பொடியை எண்ணெய் விட்டுப் பிசைந்து, கைச்சூட்டில் பதம் வந்ததும் கட்டைவிரலால் ஓரம் முழுக்க ஓட்டி, தகட்டுக் கத்தியால் ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்பு இழுத்தால் அது மக்கு இல்லை, மாவு என்பாள்.

இப்போது வேலை ஒரு பழைய நூலகத்தில். கட்டி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கூரை ஒழுகிப் பூட்டிக்கிடந்ததைத் திறந்து, சுவரைச் சுரண்டி, தரையைக் கழுவி, ஒவ்வொன்றாகப் பழையபடி ஆக்கிக்கொண்டிருந்தார்கள். வாசிக்கும் கூடத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு உயரமாக ஒரு ஜன்னல். அதில் பன்னிரண்டு பெரிய கண்ணாடி. மாடிப்படித் திருப்பத்தில் இன்னொன்று. அதில் இருபத்திநாலு சின்னது. இரண்டிலும் பாதிக்கு மேல் உடைந்து, மிச்சம் விரிசல்விட்டு, உள்ளே புறா குடும்பம் நடத்தியிருந்தது. மரச்சட்டங்களைப் பழுது பார்த்தவன் டேப்பக்காவின் சொந்தத் தம்பி. உளுத்துப்போன அடிக்கட்டைகளை மட்டும் வெட்டி எடுத்து, புதுத் துண்டு வைத்து, எங்கே பழசு முடிகிறது எங்கே புதுசு தொடங்குகிறது என்று தெரியாமல் இழைத்திருந்தான்.

"நூலகத்துல நூலண்ணனுக்கு வேலை. பொருத்தம் பாத்துத்தான் குடுத்திருக்காங்க மாமா" என்று முதல் நாளே கேலி செய்தான்.

"உன் வாய்க்கு ஒரு கண்ணாடி வெட்டி மாட்டினா நல்லாருக்கும் மாப்ள" என்றார் அவர்.

வேலையைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியரம்மாவுக்கு இரண்டு கட்டளைதான். கண்ணாடி உட்காரும் காடியை அகலப்படுத்தக் கூடாது. கடைக் கண்ணாடி வேண்டாம். இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய ஆலையின் ஜன்னலிலிருந்து பதினெட்டுத் தகடு வாங்கி, வைக்கோலில் புதைத்துக் கொண்டுவந்திருந்தாள். அந்தக் காலத்துக் கண்ணாடி. லேசாக அலை ஓடும். கடுகளவு குமிழி அங்கங்கே நிற்கும். அதன் வழியாகப் பார்த்தால் வெளியே நிற்கும் மரம்கூடக் கொஞ்சம் அசைந்து கொடுக்கிற மாதிரி இருக்கும். பன்னிரண்டு தகட்டில் கூடத்து ஜன்னல். மிச்சம் ஆறு தகட்டை நாலு நாலாக வெட்டினால் படி ஜன்னல். ஒன்றுகூட உபரி கிடையாது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நூலண்ணனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

டேப்பக்கா அதைக் கண்டுபிடித்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு வீட்டு வேலையில் அடுத்தடுத்து இரண்டு கண்ணாடி ஒரு நூல் பெரிதாக வந்துவிட்டது. அவர் குறடு வைத்து ஓரத்தைக் கொறித்தார். ஒன்று விரிந்து, கட்டைவிரலையும் கிழித்தது. அதற்குப் பிறகுதான் அவள் கவனித்தாள். டேப்பைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறார். வெளிச்சம் சரியில்லை என்று வெயிலுக்குப் போகிறார். கோடுகளை நகத்தால் தடவி எண்ணுகிறார்.

"ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்குங்களேன்" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"கண்ணாடிக்காரனுக்கே கண்ணாடியா? நாலு பேரு சிரிக்கிறதுக்கா?" என்று எழுந்து போனார். அன்றைக்குச் சோறும் சரியாகச் சாப்பிடவில்லை.

அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்கிற பழக்கத்தை விட்டுவிட்டு வேறொன்று செய்தாள். அளவு சொல்லும்போது ஒரு நூலைத் தானே கழித்துச் சொல்லத் தொடங்கினாள். கண்ணாடி சட்டத்துக்குள் இறங்க எப்போதும் ஒரு நூல் இடம் விட வேண்டும். அதை வெட்டும்போது கழிப்பது அவர் வேலை. அவர் கண் பிசகி ஒன்று கூட்டிவிட்டாலும் இவள் ஒன்று குறைத்திருந்தால் சரியாகப் போகுமே என்ற கணக்கு. சில கண்ணாடி சரியாக வந்தது, சில சின்னதாக வந்தது. சின்னதாக வந்ததற்கு மக்கை அகலமாக வைத்து மூடினாள். வீட்டு ஜன்னல்களில் காடி அரை அங்குலம் இருக்கும். எதை வைத்தாலும் தாங்கும். ஒருவருக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

நூலகத்து ஜன்னலில் காடி இரண்டே நூல்.

அன்றைக்கு மேகம் மூடி, காற்று அடித்தபடி இருந்தது. காலையில் கூடத்துச் சட்டங்களை அளந்து, கழித்த அளவைச் சாக்பீஸால் பலகையில் எழுதிவைத்தாள். பின்பக்கத்துக் கொட்டகையில் நூலண்ணன் கம்பளி விரித்த மேசையில் தகடுகளைக் கிடத்தி, கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டுத் தொட்டுக் கீறினார். கீறும்போது எழும் அந்தச் சீரான கிரீச்சொலி அவளுக்குப் பிடிக்கும். நல்ல கீறல் என்றால் துணி கிழிகிற மாதிரி கேட்கும். கெட்ட கீறல் பல் கூசும். அன்றைக்கு எல்லாமே நல்ல கீறலாகத்தான் கேட்டது. மத்தியானத்துக்குள் ஆறு கண்ணாடி வெட்டி முடித்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்றை வைத்துப் பார்த்துவிடலாம் என்று கூடத்துக்குத் தூக்கிப் போனார்கள். சாரத்தில் டேப்பக்காவும் தம்பியும் ஏறி நின்றார்கள். காடியில் வைத்தார்கள். இந்தப் பக்கம் ஒட்டினால் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கம் ஒட்டினால் இந்தப் பக்கம். நடுவில் நிறுத்தினால் இரண்டு ஓரத்திலும் அரை நூல்தான் பிடிப்பு. காற்று அடித்ததும் கடகடவென்று ஆடியது.

"என்னக்கா இது? எங்கண்ணன் சட்டைய எனக்குப் போட்டுவிட்ட மாதிரி தொளதொளன்னு இருக்கு."

"உனக்கு ஏதுடா அண்ணன்? மெதுவா எறக்கு."

அடுத்ததை வைத்தார்கள், அதற்கடுத்ததையும். ஆறும் அப்படியே. கீழே நூலண்ணன் தலையைத் தூக்கி, ஏதோ கூரையில் விரிசல் தேடுகிறவர்போல் நின்றுகொண்டிருந்தார்.

இன்ஜினியரம்மா வந்தாள். சாரம் ஏறி, தன் டேப்பால் சட்டத்தை அளந்தாள், கண்ணாடியை அளந்தாள், பலகையில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"அக்கா, மொத்தம் மூணு நூல் கொறையுது. எறங்குறதுக்கு ஒண்ணு விடணும், அது சரி. பலகையில நீங்க எழுதினதே ஒண்ணு கம்மி. அது ரெண்டு. மூணாவது நூல் எங்க போச்சு?"

டேப்பக்காவுக்கும் அதுதான் புரியவில்லை. அவர் கண் பிசகினால் கூடத்தானே செய்யும்? எப்படிக் குறைந்தது? ஆனால் யோசிக்க நேரமில்லை. கீழே நிற்கிற மனிதரின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"அதுவும் நான்தான் மேடம். வாயால ஒண்ணு கம்மியா சொல்லிட்டேன். எழுதினது ஒண்ணு, சொன்னது ஒண்ணு."

"இருவது வருஷத்துக்கு மேல அளக்குறீங்க!"

"இன்னைக்குப் புத்தி எங்கயோ போயிருச்சு மேடம்."

எல்லாரும் நூலண்ணனைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை.

இன்ஜினியரம்மா கோபக்காரி இல்லை. அதனால்தான் அவள் சொன்னது இன்னும் கஷ்டமாக இருந்தது. "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இனிமே நீங்க அளக்க வேணாம். மக்கு மட்டும் பாத்துக்குங்க. பழைய கண்ணாடி ஆறு போச்சு. மறுபடி எங்கயும் கெடைக்காது. நாளைக்குப் பதினொரு மணிக்கு வெளியாளுங்கள வரச் சொல்றேன். அவங்க மிஷின்ல அளந்து, புதுக் கண்ணாடி வெட்டி மாட்டட்டும். மழை வர்றதுக்குள்ள கூடத்த மூடணும்ல?"

அன்று சாயங்காலம் வீட்டில் அடுப்பு எரிந்தது, சோறு வெந்தது, பேச்சு மட்டும் வேகவில்லை. தம்பியும் வந்திருந்தான். அக்கா வீட்டுச் சோற்றுக்கு அவன் நாள் கிழமை பார்ப்பதில்லை.

"இனிமே நான் மக்கு மட்டும் வச்சாப் போதுமாம். மக்குக்குத் தகுந்த வேலைதான்" என்று தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள் டேப்பக்கா.

"நீ அளவ விட்டிருக்க மாட்டேக்கா. நம்பவே முடியல."

"நம்பாட்டிப் போ. சாப்புடு."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறாங்க ரெண்டு பேரும். நான் ஒருத்தன் நடுவுல ஒக்காந்து அந்தச் சோத்தையே திங்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தம்பி இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான். சாப்பிட்டு முடித்ததும் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். வழக்கமாக உட்கார்ந்து கதை பேசுகிறவன் கை கழுவியதும் கிளம்பிவிட்டான்.

அவன் போனதும் அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்குப் பழி ஏற்றதில் வருத்தமில்லை. அதை அவளாகத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆனால் அந்தக் கூடத்தில் அத்தனை பேர் நடுவில் அவர் ஒரு 'உம்' கூடச் சொல்லாமல் நின்றாரே, அது நெஞ்சில் தைத்திருந்தது.

"வாயால கம்மியா சொன்னேன்னு நான் சொன்னது பொய்யின்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப அந்த மூணாவது நூல்?"

அவர் தட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "அது நான். கோடு ரெண்டு ரெண்டாத் தெரியுது. அன்னிக்கு ரெண்டு கண்ணாடி பெருசாப் போச்சுல்ல? அதுலேர்ந்து எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு நூல் உள்ள தள்ளியே கீறுறேன்."

டேப்பக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் பிசகுவார் என்று இவள் ஒன்று. தான் பிசகுவோம் என்று அவர் ஒன்று. ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, நடுவில் கண்ணாடிக்கு நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

"நானும் ஒண்ணு கழிச்சுத்தாங்க சொல்லிட்டிருந்தேன். மூணு மாசமா."

அவர் நிமிர்ந்தார். "ஏன்?"

"நீங்க ஏன் கீறினீங்களோ, அதுக்குத்தான்."

பிறகு அவள் கேட்டுவிட்டாள். "எல்லாம் சரி. அங்க ஏன் வாயத் தொறக்கல?"

"நூலண்ணன்னு கூப்புட்டுப் பழகிட்டாங்க. நாளைக்கு என்னன்னு கூப்புடுவாங்க?"

"என்னை என்னன்னு கூப்புடுவாங்கன்னு யோசிச்சீங்களா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய் நின்றார். அவள் கூப்பிடவில்லை.

காலையில் எழுந்தபோது அவர் வீட்டில் இல்லை. கருவிப் பை ஆணியிலேயே தொங்கியது. டேப்பக்காவுக்குப் பகீரென்றது. பையை விட்டுவிட்டு அவர் ஒரு நாளும் வெளியே போனதில்லை. தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள். டீக்கடையில் பார்த்துவிட்டு, இல்லை என்றான். பிறகு பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கோபம்தான் பரவாயில்லாமல் இருந்தது.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. கூடத்துச் சட்டங்களில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அது உப்பி உப்பி அடங்கியது. கொட்டகையில் வெட்டாத தகடு பன்னிரண்டும் ஒரு பக்கம், குட்டையாகிப்போன ஆறும் ஒரு பக்கம் சாய்ந்து நின்றன. அவள் பழக்கத்தில் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு படி ஜன்னலுக்கு ஓடினாள். அளக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தது அவளுக்கு அப்போது ஞாபகமில்லை.

அவள் திரும்பி வரும்போது கூடத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். நடுவில் நூலண்ணன். மூக்கில் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி; கடை எப்போது திறக்கும் என்று வாசலில் காத்திருந்து வாங்கியது. முகத்துக்கு அது ஒரு சுற்றுப் பெரிது. பெயிண்டர் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான்.

"சிரிக்கணும்னா சிரிச்சுரு தம்பி. இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் இலவசம்" என்றார் நூலண்ணன். பிறகு இன்ஜினியரம்மாவிடம் திரும்பினார். "மேடம், நேத்து என் வீட்டுக்காரி சொன்னது பொய். எனக்குக் கண்ணு தெரியல. தெரியலன்னு சொல்லவும் வாய் வரல. வெக்கம். அதுக்காக அவ ஒரு நூல் கழிச்சா, நான் ஒரு நூல் கழிச்சேன். அவ அளவுல ஒரு நாளும் தப்பு வந்ததில்ல. இருவத்திரெண்டு வருஷமா என்னைத்தான் நூலண்ணன்னு கூப்புடுறாங்க. நூல் பாத்தது பூரா அவ."

டேப்பக்கா அத்தனை பேர் முன்னால் அழக் கூடாது என்று டேப்பை இழுத்து விட்டாள், இழுத்து விட்டாள்.

இன்ஜினியரம்மா தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவரைப் பார்த்தாள். "அண்ணே, நான் காலேஜ்லயே போட்டுட்டேன். இதுக்கா இத்தன கூத்து?" பிறகு பெருமூச்சுவிட்டாள். "ஆனா நீங்க உண்மைய சொல்லிட்டதால கண்ணாடி வளந்துராதே. ஆறு போனது போனதுதானே?"

"போகல மேடம்" என்றாள் டேப்பக்கா. சொன்ன பிறகுதான் தன் குரல் அவ்வளவு சத்தமாக வந்தது அவளுக்கே தெரிந்தது. "கூடத்துக்குத்தான் அது குட்டை. படி ஜன்னலுக்கு எப்படியும் நாலா வெட்டத்தானே போறோம்? இப்பதான் அளந்துட்டு வரேன். அந்த ஆறுலயே இருவத்திநாலும் வந்துரும். முழுசா இருக்குற பன்னெண்டும் இங்க."

தம்பி விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். "சரியா வருது! குப்புற விழுந்தாலும் மீசையில மண் ஒட்டல மாமா."

"எனக்கு ஏதுடா மீச?"

"ஒண்ணு ஒடஞ்சாலும் அவ்வளவுதான், தெரியும்ல?" என்றாள் இன்ஜினியரம்மா.

"ஒடையாது" என்றார் நூலண்ணன்.

"ஒடையலாம்" என்றாள் டேப்பக்கா. "அதனால அவசரப்படாம வெட்டுறோம். வெளியாளுங்க வந்தா டீ வாங்கிக் குடுத்து ஒக்கார வைங்க. மொதல் கண்ணாடி உக்காந்தா அவங்களப் போகச் சொல்லுங்க. உக்காரலன்னா நாங்க போறோம்."

இன்ஜினியரம்மா சிரித்துவிட்டாள்.

அவர்கள் வெட்டும் முறையில் அன்றைக்கு ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் அளவு சொன்ன பிறகு இருவரும் பேச மாட்டார்கள். அன்றைக்குக் கொட்டகையிலிருந்து சந்தைக்கடை மாதிரி சத்தம் கேட்டது.

"இருவத்தொண்ணே முக்கால். முழு அளவு. நான் எதுவும் கழிக்கல."

"இருவத்தொண்ணே முக்கால். ஒரு நூல் நான் கழிக்கிறேன்."

"ஒண்ணுதானே?"

"ஒண்ணுதாம்மா. வந்து பாரு."

அவள் வந்து பார்த்தாள். கோட்டில் கண்ணாடி போட்ட கண்ணும் போடாத கண்ணும் ஒத்துப்போன பிறகுதான் கட்டர் மண்ணெண்ணெயைத் தொட்டது. துணி கிழிகிற சத்தம். அடியில் ஒரு தட்டு. தகடு இரண்டாகப் பிரிந்து, நறுக்கு கம்பளியில் விழுந்தது.

பதினொரு மணிக்கு வந்த இரண்டு பேரும் கூடத்து மூலையில் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். சாரத்தில் இந்த முறை நூலண்ணனே ஏறினார். கண்ணாடி காடிக்குள் இறங்கியது. இந்தப் பக்கம் ஒட்டிப் பார்த்தாள், அந்தப் பக்கம் ஒட்டிப் பார்த்தாள். வெளிச்சம் தெரியவில்லை. காற்று அடித்தது, கண்ணாடி அசையவில்லை. சின்ன ஆணிகளை அடித்து நிறுத்திவிட்டு அவள் மக்கை உருட்டினாள். கட்டைவிரலால் ஓட்டி, கத்தியை மூலையில் வைத்து, ஒரே இழுப்பு. அகலமில்லை, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. ரொம்ப நாளைக்குப் பிறகு எதையும் மூடி மறைக்காமல் மக்கு வைத்தது அவள் கைக்கே சந்தோஷமாக இருந்தது.

கீழே டீ குடித்தவர்கள் எழுந்து, இன்ஜினியரம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனார்கள்.

நூலண்ணன் இறங்கவில்லை. கண்ணாடியின் ஓரத்தை முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். தன் வெட்டைப் பார்த்தார், அவள் மக்கைப் பார்த்தார். பிறகு அதே தூரத்தில் நின்ற அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. நரையைச் சொல்லப் போகிறாரோ, கண்ணுக்கடியில் விழுந்த கோட்டைச் சொல்லப் போகிறாரோ என்று காத்திருந்தாள்.

"காதோரம் மக்கு ஒட்டியிருக்கு" என்றார்.

"ம்."

"காலையிலேர்ந்தேவா?"

"மூணு மாசமா."

அவர் சட்டையின் நுனியை எண்ணெயில் தொட்டு, ஒரு கையால் அவள் முகவாயைப் பிடித்துக்கொண்டு, கவனமாகத் துடைத்துவிட்டார்.